தலையில் சுமப்பது விறகா, தண்ணீரா?

ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் என்று நாட்காட்டி சொல்கிறது. நமது தோட்டங்களில் அது பெரும்பாலும் விறகு நாள். ஆறு நாள் கொழுந்துக்கூடை சுமந்த அதே தலை, ஏழாம் நாள் விறகுக் கட்டைச் சுமக்கிறது. கவ்வாத்து முடிந்த மலையிலிருந்து மிலாறு, ஆற்றோரத்திலிருந்து சுள்ளி, காற்றுக்கு விழுந்த சவுக்கு மரக்கிளை என்று எது கிடைக்கிறதோ அது கட்டாகிறது. அந்தக் கட்டை இந்த இதழில் கொஞ்சம் அவிழ்த்துப் பார்ப்போம்.

எரிசக்திச் சிக்கனம், கரியமிலவாயுவைக் குறைக்கும் தொழில்நுட்பம் என்றெல்லாம் இப்போது வானொலியிலும் பத்திரிகையிலும் அடிக்கடி பேசுகிறார்கள். கேட்டவுடன் நமக்கு என்ன தோன்றுகிறது? "அதெல்லாம் கொழும்புல மாடி வீட்டுக்காரவுங்க சங்கதி, நமக்கென்ன?" என்றுதான் தோன்றுகிறது. கூரையில் சூரிய ஒளித் தகடு பொருத்துவதும், மின்சாரக் கார் வாங்குவதும் மட்டும்தான் அந்தச் சங்கதி என்று நினைப்பதால் வரும் எண்ணம் அது. ஒரு லயத்து வீட்டில் ஒரு நாளில் செலவாகும் சக்தியை எடுத்துப் பார்த்தால், அதில் மிகப் பெரிய பங்கு மின்குமிழுக்கும் டி.வி.க்கும் போவதில்லை. அடுப்புக்குப் போகிறது. ஆகையால் நாம் அடுப்படியிலிருந்தே தொடங்குவோம்.

பச்சை விறகின் கணக்கு

இன்று வெட்டிய மரத்தில் அதன் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். மரத்துக்கு மரம் கொஞ்சம் கூடும், குறையும். 20 கிலோ பச்சை விறகை ஒரு தாய் தலையில் வைத்து மலை ஏறி வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 10 கிலோ தண்ணீர். அதாவது, பீலியில் பிடிக்க வேண்டிய தண்ணீரைக் காட்டிலிருந்து சுமந்து வருகிறாள்.

சுமை மட்டும் என்றாலும் பரவாயில்லை. அந்தத் தண்ணீர் அடுப்புக்குள் போன பிறகு என்ன செய்கிறது? விறகு எரிவதற்கு முன்னால் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகிப் போக வேண்டும். அந்த ஆவிக்கும் நெருப்புத்தான் வேண்டும். 10 கிலோ தண்ணீரை ஆவியாக்கப் போகும் வெப்பம், சுமார் 75 லீட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம்! ஏறக்குறைய நாலு பெரிய வாளி. அவ்வளவு வெப்பமும் ஒரு சோறும் வேகவைக்காமல், ஒரு கேத்தல் தேத்தண்ணியும் போடாமல், கூரை வழியாகப் போகிறது. நன்றாகக் காய்ந்த ஒரு கிலோ விறகு தரும் வெப்பத்தில் பாதியைத்தான் ஒரு கிலோ பச்சை விறகு தருகிறது.

"ஈரமா இருந்தா என்ன, ஊதுனா பத்திக்கும்" என்று சொல்பவர்கள் உண்டு. பற்றத்தான் செய்கிறது. ஆனால் நெருப்பின் சூடு போதாததால் விறகு முழுவதும் எரிந்து தீராமல், எரியாத பாகம் புகையாக வருகிறது. புகை என்பது வேறொன்றுமில்லை, எரியாமல் வீணாய்ப் போகும் விறகு. ஊதாங்குழலோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு விடியலும், ஈர விறகுக்கு நாம் கொடுக்கும் வட்டி.

இதைத் தோட்டத் தொழிற்சாலை நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறது. கொழுந்து காயவைக்கும் சூட்டடுப்புக்கு வரும் விறகை வந்த அன்றே போடுவதில்லை. பிளந்து, கொட்டிலுக்குள் அடுக்கி, காயவிட்டுத்தான் போடுகிறார்கள். தொழிற்சாலைக்கு ஒரு நியாயம், லயத்துக்கு ஒரு நியாயம் என்று நெருப்புக்குக் கிடையாது.

எந்த மாதத்தில் விறகு சேர்ப்பது?

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மலைநாடு முழுவதற்கும் ஒரே மழைக்காலம் இல்லை. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், தலவாக்கலைப் பக்கம் மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கு மழை கொட்டும். அந்தப் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரையிலான வெயிலும் காற்றும்தான் விறகுக்கு அறுவடைக் காலம். அந்த மூன்று மாதத்தில் வெட்டிப் பிளந்து காயவைத்தது, ஆடி ஆவணி மழையில் அடுப்பைக் காப்பாற்றும்.

பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளை என்று ஊவாப் பக்கம் இருப்பவர்களுக்குக் கதை வேறு. அங்கே ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரைதான் பெரிய மழை. ஜூலை முதல் செப்டம்பர் வரை காய்ந்த காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகத்தில் பெயர் வாங்கிக் கொடுப்பதே அந்தக் காற்றுத்தான். கொழுந்துக்கு மணம் கொடுக்கும் அதே காற்று விறகையும் காய வைக்கும். அதைச் சும்மா போகவிடக்கூடாது.

பிளப்பது முக்கியம். முழுக் கட்டையாகப் போட்டால் பட்டை ஈரத்தை விடாது, ஆறு மாதமானாலும் உள்ளே பச்சையாகவே இருக்கும். மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, தரையில் படாமல் இரண்டு கல்லின் மேல் அடுக்கி, மேலே ஒரு பழைய தகரமோ படங்குத் துண்டோ போட்டு, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விட வேண்டும். பலர் செய்வதுபோல முழுவதையும் பொலித்தீனால் சுற்றி மூடினால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்ததா என்று எப்படி அறிவது? இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். பச்சை விறகு 'தொப்'பென்று கேட்கும், காய்ந்தது 'டக்'கென்று மணிபோல் கேட்கும். வெட்டிய முகத்தில் வெடிப்பு விழுந்திருக்கும்.

மிலாறு நல்ல விறகு. வயிரம் பாய்ந்த மரம், நின்று எரியும். முள்முருங்கை மெதுவான மரம், குப்பென்று பிடித்து உடனே தணிந்துவிடும். மிலாறை மலையிலிருந்து எடுப்பதிலும் ஒரு அளவு வேண்டும். சின்னக் குச்சியும் இலையும் அங்கேயே கிடந்து உக்கினால்தான் தேயிலைக்கு உரம், மண்ணுக்கும் காப்பு. கட்டையை நாம் எடுப்போம், இலையை மலைக்கு விடுவோம்.

அடுப்புக்கு மேலே பரண் கட்டி விறகு அடுக்கும் பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது விறகைக் காயவைக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்குக் கீழேயே நெருப்பு! லயத்தில் ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் கூரை வழியாக வரிசை முழுவதற்கும் ஓடுவதற்கு அதிக நேரம் எடுப்பதில்லை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் புத்தகம், கம்மல் எல்லாம் ஒரு மணித்தியாலத்தில் சாம்பலான குடும்பங்களை மலையகம் கண்டிருக்கிறது. நாளைக்கு எரிக்கப்போகும் விறகை மட்டும் அடுப்புக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். மிச்சம் வெளியில் இருக்கட்டும்.

மூன்று கல்லிலிருந்து அனகிக்கு

மூன்று கல் அடுப்பு நம் பாட்டன் பூட்டன் காலத்து அடுப்பு. எந்தப் பாத்திரமும் ஏறும், எந்தக் கட்டையும் போகும், காசும் இல்லை. குளிருக்குச் சுற்றி உட்காரலாம். இவ்வளவு நன்மை இருப்பதால்தான் அது இன்னும் நிற்கிறது. ஆனால் அதில் எரியும் விறகின் வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் பானைக்குள் போகிறது. கவனமாக எரித்தால் இன்னும் சற்றுக் கூடும். மிச்சம் நாலா பக்கமும் போகிறது.

இலங்கையில் இதற்கு மாற்றாக வந்ததுதான் 'அனகி' அடுப்பு. சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு விலைமதிப்பற்றது என்று பொருள். 1980களில் இங்கேயே சோதித்து உருவாக்கப்பட்டு, 1990களின் தொடக்கத்திலிருந்து நாட்டுக் குயவர்கள் செய்து கடைக்கு வரும் சாதாரண மண் அடுப்பு அது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. ஒரே துண்டாய்ச் சுட்ட களிமண். முன்னால் ஒரு வாய், மேலே இரண்டு குழி. முதல் குழியில் நெருப்பு நேராகப் பானையில் படும். அங்கிருந்து போகும் சூட்டுக்காற்று வெளியே ஓடாமல் ஒரு வழியாகப் போய் இரண்டாவது பானையையும் தொட்டுவிட்டுத்தான் வெளியேறும். மூன்று கல்லில் போகும் விறகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மிச்சம் பிடிக்கலாம். வாரம் மூன்று கட்டு எடுக்கும் வீட்டுக்கு இரண்டு போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப்பொழுது மிச்சமாகிறது என்று சொன்னால் நம் தாய்மாருக்கு உடனே விளங்கும்.

வாங்கி வந்து அப்படியே தரையில் வைத்தால் பாதிப் பலன்தான். அடுப்பைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு மண் பூச்சுப் போட்டு இருத்த வேண்டும். களிமண்ணும் சாணமும் உமியும் சேர்த்துக் குழைத்தால் நல்லது. உமி கிடைக்காத தோட்டத்தில் காய்ந்த மானாப் புல்லை நறுக்கிப் போடலாம். இந்தப் பூச்சுத்தான் சூட்டை வெளியே விடாமல் பிடிக்கிறது, அடுப்பும் உடையாமல் பல நாள் இருக்கிறது. பூச்சு ஈரமாக இருக்கும்போது பெரிய நெருப்பு மூட்டினால் வெடித்துவிடும். சில நாள் காயவிட்டு, பிறகு சின்ன நெருப்பாகப் போட்டுப் பழக்க வேண்டும்.

எரிக்கும் முறையும் மாற வேண்டும். தொடைப் பருமன் கட்டையைத் திணித்தால் காற்று போகாது. புகைதான் வரும். விரல் பருமன், மணிக்கட்டுப் பருமன் துண்டு இரண்டு மூன்று, நுனி மட்டும் எரியும்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும். இரண்டாவது குழியைச் சும்மா விடக்கூடாது. ரொட்டி சுடும்போது அங்கே கேத்தல் இருக்கட்டும், கறி வேகும்போது பிள்ளைக்கு முகம் கழுவத் தண்ணீர் காயட்டும்.

குறையையும் சொல்லிவிடுவோம். சிக்கன அடுப்பு வீட்டைக் குறைவாகத்தான் சூடாக்கும், ஏனென்றால் சூடு பானைக்குப் போய்விடுகிறது. நுவரெலியா, ராகலைப் பக்கம் மார்கழிக் குளிரில் இது பெரிய குறையாகவே படும். இன்னொன்று, அனகிக்குப் புகைபோக்கி கிடையாது. புகை குறையுமே தவிர நிற்காது. அதற்கு வேறு வழி வேண்டும்.

அந்தப் புகையும் பிள்ளையின் நெஞ்சும்

பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. ஒரு கதவு, சிலவற்றில் ஒரு சன்னல். அடுப்படி பின்பக்கம், அல்லது இஸ்தோப்பில் ஒரு மறைப்பு. விடியற்காலை நாலரை மணிக்கு அடுப்பு எரியும்போது பிள்ளைகள் அதே காற்றில் உறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

விறகு, கரி, சாணம், மண்ணெண்ணெய் போன்றவற்றை வீட்டுக்குள் எரிப்பதால் வரும் புகையினால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் உயிரிழந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். சின்னப் பிள்ளைக்கு நிமோனியா, பெரியவர்களுக்கு நெஞ்சடைப்பும் தீராத இருமலும், கண்ணில் வெள்ளை படர்தல், எடை குறைந்து பிறக்கும் குழந்தை என்று புகைக்குப் பல முகம் உண்டு. அதிக நேரம் அடுப்பின் முன்னால் நிற்பவள் தாய். அவள் முதுகிலோ மடியிலோ இருப்பது கைப்பிள்ளை. "புகை பட்டாத்தான் கொசு வராது" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. கொசுவை விரட்ட வலை இருக்கிறது. நெஞ்சில் போன புகையை விரட்ட ஒன்றும் இல்லை.

நம் கையால் செய்யக்கூடியவை சில உண்டு. சமைக்கும் நேரத்தில் கதவையும் சன்னலையும் எதிரெதிரே திறந்து வைப்பது, குளிரென்றாலும் அரை மணி நேரமாவது. அடுப்புக்கு நேர் மேலே, கூரைக்குக் கீழே, சுவரில் ஒரு திறப்பு விடுவது. கைப்பிள்ளையை அடுப்படியிலிருந்து எடுத்து முன்பக்கம் கிடத்துவது, அல்லது அந்த நேரம் அப்பாவின் கையில் கொடுப்பது. இதில் கடைசியானதுதான் காசில்லாதது. அதுதான் பல வீட்டில் நடக்காததும்!

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். குளிர் காலத்தில் தணலை ஒரு தாச்சியில் அள்ளிக் காம்பராவுக்குள் வைத்து, கதவைச் சாத்திப் படுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தணலில் புகை தெரியாது, ஆகவே ஆபத்தில்லை என்று நினைக்கிறார்கள். தணலிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை வலிக்கும், சுற்றும், வாந்தி வரும்போல் இருக்கும். உறக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது. மூடிய அறைக்குள் தணல் வைத்துப் படுப்பது உயிரோடு விளையாடுவது. யாருக்காவது அப்படி ஆகியிருந்தால் உடனே வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மலையில் பருப்பு ஏன் வேகாது?

கல்யாணம் கட்டிக் கீழ்நாட்டிலிருந்து வந்த மருமகள், "இங்க என்னா அத்தை, பருப்பு வேகவே மாட்டேங்குது" என்று சலித்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அவள் கைக்குற்றமில்லை. கடலோரத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். உயரம் போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவதால் கொதிநிலையும் குறையும். ஏறக்குறைய 1,880 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் சூடாகாது. ஆகையால் கடலையும் கௌப்பியும் அதிக நேரம் கேட்கும், விறகும் அதிகம் கேட்கும்.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. கொதி வந்தபிறகு விறகை மேலும் மேலும் தள்ளுவதால் சோறு சீக்கிரம் வேகாது. தளதளவென்று கொதித்தாலும், மெல்லக் கொதித்தாலும் தண்ணீரின் சூடு ஒன்றுதான். கூடுதலாய்ப் போடும் விறகு ஆவியைத்தான் கூட்டும். கொதி வந்ததும் விறகை இழுத்துவிட்டு, மூடி போட்டுவிட வேண்டும். பானைக்குச் சரியான மூடி இல்லாத வீடு எத்தனை! ஒரு தகர மூடியின் விலையையும், ஒரு விறகுக் கட்டின் பாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மற்றது, காசு சேர்ந்தால் முதலில் வாங்கத்தக்க பொருள் பிரஷர் குக்கர். மூடிய ஆவி அழுத்தத்தைக் கூட்டுவதால், மலை குறைத்த சூட்டை அது திருப்பித் தருகிறது. கடலை, கௌப்பி, பயறு எல்லாவற்றையும் முதல் நாள் இரவே ஊறப்போடுவதற்கோ காசே வேண்டாம்.

காசில்லாத இன்னொரு வழியையும் சொல்வோம். வேலைக்குப் போகும் தாய்மாருக்கு இது பொருத்தம். பகல் சாப்பாட்டுக்கு வீடு வந்து போகிறவர்கள் செய்து பார்க்கலாம். ஒரு பெரிய கூடை அல்லது பெட்டி எடுத்து, அடியிலும் சுற்றிலும் பழைய கம்பளி, சேலைத் துணி, காய்ந்த புல், மரத்தூள், ரெஜிபோம் என்று எது கிடைக்கிறதோ அதை நாலு விரல் கனத்துக்கு அடைத்து, நடுவில் பானை உட்காரும் இடம் விட வேண்டும். அரிசியையோ பருப்பையோ அடுப்பில் மூடியோடு நன்றாகக் கொதிக்க விட்டு, அரிசி என்றால் ஐந்து நிமிடம், பருப்பு என்றால் பத்து நிமிடம் கழித்து, மூடியைத் திறக்காமல் அப்படியே எடுத்துக் கூடைக்குள் இறக்கி, மேலே தலையணை மாதிரி துணியைப் போட்டு அமுக்கி மூடிவிட வேண்டும். அடுப்பை அணைத்துவிடலாம். பானையில் இருக்கும் சூட்டிலேயே மிச்சம் வெந்துவிடும். அரிசிக்கு ஒரு மணித்தியாலம், பருப்புக்கு இரண்டு. ஆளில்லாத வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும் பயமும் இல்லை. ஆவி போகாததால் தண்ணீர் கொஞ்சம் குறைத்து வைக்க வேண்டும். நாலு மணித்தியாலத்துக்கு மேல் விடக்கூடாது, இறைச்சியை இதில் வைக்கவும் வேண்டாம். பானை நிறைய இருந்தால்தான் சூடு நிற்கும். அரைக் கொத்து அரிசிக்கு இது சரிவராது.

மின்சாரமும் நம் மலைத் தண்ணீரும்

மின்சாரம் என்றால் ஏதோ தூரத்திலிருந்து வருவதுபோல் நினைக்கிறோம். இந்த நாட்டில் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று விடாமல் சொன்ன பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1912இல் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் பிளாக்பூலில் ஒரு சின்ன நீர்மின் நிலையம் அமைத்தார். அவர் கனவு கண்ட லக்சபான 1950இல்தான் மின்சாரம் தந்தது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள், 2012இல் தலவாக்கலையில் திறந்த மேல் கொத்மலை நிலையம் எல்லாம் தேயிலை மலைகளுக்கு நடுவில்தான் இருக்கின்றன. மவுசாகலை நீர் வற்றும்போது மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோவில் தலைகாட்டுவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். நம் மலையின் தண்ணீர் நாட்டுக்கே விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது, பல லயங்களில் குப்பி லாம்புதான் எரிந்தது என்பதையும் மறக்க முடியாது.

மழை நன்றாகப் பெய்தால் தண்ணீர் மின்சாரம். வறட்சி வந்தால் நுரைச்சோலை நிலக்கரியும் எண்ணெயும். நிலக்கரியில் ஒரு அலகு மின்சாரம் எடுக்க ஏறக்குறைய ஒரு கிலோ கரியமிலவாயு வானத்துக்குப் போகிறது. மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரைதான் நாடே மின்சாரம் கேட்கும் நேரம். அந்த நேரத்தில் ஸ்திரிக்கைப் பெட்டி போடாமல் இருப்பது நம்மாலான சிறு உதவி. எண்ணெய் வாங்க டொலர் இல்லாத 2022 மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றது நினைவிருக்கும். இறக்குமதி எண்ணெயை நம்பினால் என்ன ஆகும் என்பதை அப்போது இருட்டில் இருந்துகொண்டு படித்தோம்.

கணக்கு ஒன்று. 60 வாற்று பழைய மின்குமிழ் ஒன்று தினம் ஐந்து மணித்தியாலம் எரிந்தால் மாதம் 9 அலகு. அதே வெளிச்சம் தரும் 9 வாற்று எல்.ஈ.டி. குமிழுக்கு ஒன்றரை அலகு கூட ஆகாது. இரண்டு குமிழ் மாற்றினால் மாதம் 15 அலகு மிச்சம். வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் கணக்கிடப்படுகிறது. மாதம் 60 அலகைத் தாண்டினால் முந்திய அலகுகளுக்கும் வேறு விலை, நிலையான கட்டணமும் வேறு. ஆகவே 65 அலகு செலவழிக்கும் வீட்டுக்கு அந்த 15 அலகு வெறும் 15 அலகு அல்ல.

500 வாற்று சோற்றுக் குக்கர் அரை மணித்தியாலத்துக்குக் கால் அலகு எடுக்கும், ஒரு லீட்டர் தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்கேத்தல் அலகில் பத்தில் ஒரு பங்கு எடுக்கும். இவற்றைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. கைப்பிள்ளை இருக்கும் வீட்டில் விடிகாலை தேத்தண்ணியை மின்கேத்தலில் போட்டால், அந்த அரைமணிப் புகை இல்லை. பயப்பட வேண்டியது கம்பிச் சுருள் வெளியே தெரியும் மின்அடுப்புக்கும், ஒரே பிளக்கில் மூன்று சாமானைச் செருகுவதற்கும், பழைய லயத்தின் உளுத்த வயருக்கும்தான்.

லாம்பெண்ணெயைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2022 ஆகஸ்டில் லீட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியதும் பலர் தாமாகவே விட்டுவிட்டார்கள். இன்னும் குப்பி லாம்பு வைத்திருப்பவர்கள் அதை மேசை விளிம்பில் வைக்க வேண்டாம். ஒரு சின்ன சூரிய விளக்கு அதைவிடப் பிள்ளையின் படிப்புக்கு நல்லது.

மாடு வைத்திருப்பவர்கள் சாண எரிவாயு பற்றிக் கேட்கிறார்கள். நல்ல வழிதான், எஞ்சும் சாணக் கரைசல் மரக்கறித் தோட்டத்துக்கு முதல்தர உரம். ஆனால் ஒரு குடும்பத்தின் சமையலுக்கு மூன்று நாலு மாட்டின் சாணம் தினமும் வேண்டும். அதில் வேலை செய்யும் நுண்ணுயிருக்குச் சூடும் வேண்டும். கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கத் தோட்டங்களுக்கு இது சரிவரும். நுவரெலியாக் குளிரில் வாயு மெதுவாகத்தான் வரும். ஒரு மாடு வைத்துக்கொண்டு உயர்மலையில் குழி தோண்டக் கடன் வாங்க வேண்டாம்.

வீட்டார் செய்வதும், மற்றவர் செய்ய வேண்டியதும்

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை வீட்டார் கையில் இருப்பவை. ஆனால் எல்லாவற்றையும் தாய்மார் தலையிலேயே ஏற்றுவது நியாயமில்லை. விறகு சேர்ப்பது பெண் வேலை, பிளப்பது ஆண் வேலை, எரித்துப் புகையில் நிற்பது மறுபடி பெண் வேலை என்ற பிரிவை முதலில் வீட்டுக்குள்ளேயே பேசித் தீர்க்க வேண்டும். விறகு எடுக்கிறவரும் அடுப்பு வாங்கும் காசைத் தீர்மானிக்கிறவரும் வேறு வேறு ஆளாக இருக்கும்வரை, மூன்று கல் மூன்று கல்லாகவே இருக்கும்.

லயத்துக் கூரையில் புகைபோக்கி இல்லாதது குடியிருப்பவரின் குற்றமல்ல. அதைத் தனியாகக் கூரையைத் துளைத்துச் செய்யவும் முடியாது, மழை ஒழுகும். தோட்ட நிர்வாகத்தோடும் நலன்புரி அதிகாரியோடும் சேர்ந்து வரிசையாகச் செய்ய வேண்டிய வேலை அது. புது வீடு கட்டும் இடங்களில் இன்னும் நல்ல சந்தர்ப்பம். அத்திவாரம் போடும்போதே அடுப்படியின் இடம், புகைபோக்கி, விறகுக் கொட்டில் மூன்றையும் கேளுங்கள். முன்பக்கத்துத் தூணின் அழகு பிறகு பார்க்கலாம். சில புது வீடுகளில் கேஸ் அடுப்பை நினைத்து அழகான சின்னச் சமையலறை கட்டிவிட்டு, கேஸ் வாங்க முடியாமல் வெளியே தகரக் கொட்டகை போட்டு விறகு எரிக்கிறார்கள். 2022இல் கேஸ் இல்லாமல் போனபோது நகரத்தாரும் விறகுக்குத்தான் ஓடினார்கள்.

விறகு மரம் நடுவதும் கூட்டாகச் செய்ய வேண்டியதே. வெட்டியதற்கு ஈடாக மறுபடி முளைத்தால், எரிந்த கரியமிலவாயுவை வளரும் மரம் திரும்ப எடுத்துக்கொள்ளும். நடாமல் வெட்டிக்கொண்டே போனால் அந்தக் கணக்கு உடைந்துவிடும். தாழ்ந்த, நடுத்தர உயரத் தோட்டங்களில் கிளிரிசீடியா வேலியாக நட்டால் வெட்ட வெட்டத் துளிர்க்கும், இலை ஆட்டுக்கும் உரத்துக்கும் ஆகும். செங்குத்தான சரிவிலும் நீரோடைக் கரையிலும் நிற்கும் மரத்தை விறகுக்குத் தொடக்கூடாது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29இல் லயங்கள் மண்ணுக்குள் போனது விறகு வெட்டியதால் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சரிவில் மண்ணைப் பிடித்து நிற்கும் வேர் எவ்வளவு பெறுமதியானது என்பது மலையில் வாழ்கிற எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சிக்கன அடுப்பு உண்மையிலேயே விறகை மிச்சம் பிடிக்கிறதா என்று நம் பேச்சை நம்ப வேண்டாம், நிறுத்துப் பாருங்கள். கொழுந்து மடுவத்துத் தராசு இருக்கிறதே! ஒரு வாரத்துக்கான காய்ந்த விறகை நிறுத்துவிட்டு மூன்று கல்லில் எரியுங்கள். வாரக் கடைசியில் மிச்சத்தை நிறுங்கள். அடுத்த வாரம் அதே விறகு, அதே சமையல், மண் அடுப்பில். இரண்டு எண்ணையும் பிள்ளையின் கொப்பியில் எழுதி, மாதர் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. வரும் வெயில் காலத்துக்குள் எந்த மலை கவ்வாத்துக்கு வருகிறது என்பதையும் கணக்கப்பிள்ளையிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.